காட்பாடியில் ஏறி ஹவுராவில் இறங்க: முப்பது மணி நேர ரயிலின் நிறைகுறை

காட்பாடி ஜங்ஷனில் ஹவுரா பக்கம் போகும் வண்டிக்குக் காத்திருப்பவர்களைக் கூட்டத்தில் தனியாகப் பிரித்துச் சொல்லிவிடலாம். கையில் பெரிய ஸ்கேன் கவர் இருக்கும். மடங்கிவிடக் கூடாது என்று அதைப் பெட்டியில் திணிக்காமல் மார்போடு சேர்த்துப் பிடித்திருப்பார்கள். காலடியில் தண்ணீர் கேன், பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒருவர். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் சிகிச்சை முடித்துத் திரும்பும் வங்காள, ஜார்க்கண்ட், அசாம் குடும்பங்கள் ஒரு புறம்; விஐடி விடுதியிலிருந்து லீவுக்குக் கிளம்பும் பிள்ளைகள் மறுபுறம். வேலூரிலிருந்து வடகிழக்கே போகும் நெடுந்தூர ரயில்கள் நிரம்புவது பெரும்பாலும் இவர்களால்தான். அந்த ரயில் கொடுக்கிற காசுக்குத் தகுமா, எந்த வகுப்பு யாருக்குப் பொருந்தும், எங்கே காலை வாரும் என்று பார்ப்போம்.

தடம் இது: காட்பாடி, சித்தூர், பாகாலா, திருப்பதி, ரேணிகுண்டா, கூடூர், அங்கிருந்து சென்னை-ஹவுரா மெயின் லைனைப் பிடித்து நெல்லூர், விஜயவாடா, ராஜமுந்திரி, விசாகப்பட்டினம், பெர்ஹாம்பூர், புவனேஸ்வர், கட்டாக், பாலசோர், கரக்பூர், ஹவுரா. மொத்தம் 1,700 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வண்டியைப் பொறுத்து ஏறத்தாழ 30 மணி நேரம். சில வண்டிகள் திருப்பதி பக்கம் போகாமல் சென்னை வழியாகச் சுற்றிப் போகும்; டிக்கெட் எடுக்கும்போதே தடத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகர் வரை 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் விவேக் எக்ஸ்பிரஸும் காட்பாடியைத் தொட்டுத்தான் போகிறது. இந்தியாவின் மிக நீண்ட ரயில் தடம் அது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நோயாளியோடு போகும் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாகனம் கிடையாது. விமானக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வேலூரிலிருந்து மீனம்பாக்கம் காரில் மூன்று மணி நேரம், அங்கே இரண்டு மணி நேரம் முன்பே போய்க் காத்திருப்பு, இரண்டரை மணி நேரம் பறப்பு, கொல்கத்தா தம்தம்மில் இறங்கி வீடு போய்ச் சேர மறுபடி கார். எட்டு ஒன்பது மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும், உண்மைதான். ஆனால் அந்த எட்டு ஒன்பது மணி நேரமும் உட்கார்ந்தே இருக்க வேண்டும். வயிற்றில் தையல் போட்ட ஆளுக்கும் முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கும் கீமோ ஏற்றிய மறுநாள் தலை தூக்க முடியாதவருக்கும் உட்கார்வதுதான் தண்டனை. ரயிலில் ஏறின ஐந்தாவது நிமிடம் காலை நீட்டிப் படுத்துவிடலாம். முப்பது மணி நேரத்துக்கு ஆறடிப் படுக்கை, கைக்கெட்டும் தூரத்தில் சொந்தக்காரர்கள், பத்தடி நடந்தால் கழிவறை, வீட்டுச் சாப்பாடு, ஆளுக்கு 40 கிலோ வரை இலவச லக்கேஜ். நெடுந்தூர ரயில் இத்தனை காலமாக மவுசு குறையாமல் இருப்பதற்குக் காரணம் அந்தப் படுக்கை.

வட ஆற்காட்டுக்கும் ரயிலுக்கும் உறவு இன்று நேற்று வந்ததில்லை. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்தில் கிளம்பி வந்து நின்ற இடம் நம்முடைய வாலாஜா ரோடு. ராயபுரத்தை எல்லோரும் சொல்கிறார்கள். அந்த வண்டி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை நம் ஊர்க்காரர்களே மறந்துவிட்டார்கள்.

இனி வகுப்பு. ஸ்லீப்பருக்கும் மூன்றடுக்கு ஏசிக்கும் கட்டண வித்தியாசம் இந்தத் தூரத்துக்கு ஏறத்தாழ இரண்டரை மடங்கு. இரண்டடுக்கு ஏசி என்றால் ஸ்லீப்பரைப் போல நான்கு மடங்குக்குக் கிட்ட வரும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, உடம்பு திடமாக இருப்பவர்களுக்கு ஸ்லீப்பர் போதும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கோதாவரியைக் கடக்கும் சுகம் ஏசிப் பெட்டியின் பழுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கிடைக்காது. ஏப்ரல், மே மாதங்களில் ஸ்லீப்பர் வேண்டவே வேண்டாம். வேலூர் வெயிலைத் தாங்கிப் பழகியவர்களும் நெல்லூருக்கும் விஜயவாடாவுக்கும் நடுவில் பகல் ஒரு மணிக்குப் பெட்டிக்குள் அடிக்கும் அனல்காற்றில் சுருண்டுவிடுவார்கள். நோயாளி இருந்தால் எந்த மாதமானாலும் மூன்றடுக்கு ஏசிக்குக் குறையாமல் எடுங்கள். குளிர்ச்சியைவிட முக்கியமான காரணம், ஏசிப் பெட்டியில் ரிசர்வேஷன் இல்லாமல் ஏறி நிற்கும் கூட்டம் குறைவு; கழிவறைக்குப் போகும் வழி அடைபடாது.

எகானமி மூன்றடுக்கு என்று ஒன்று வந்திருக்கிறது. பெட்டியில் எம் என்ற எழுத்து போட்டிருக்கும். கட்டணம் சாதாரண மூன்றடுக்கு ஏசியைவிடக் கொஞ்சம் குறைவு, படுக்கைகள் அதிகம். ஆகவே இருக்கைக்கும் எதிர் இருக்கைக்கும் நடுவே கால் வைக்கும் இடம் சுருங்கியிருக்கும். மாணவர்களுக்குச் சரி. முட்டி மடக்க முடியாதவர்களுக்குச் சரிவராது. நடு பெர்த்தே இல்லாத இரண்டடுக்கு ஏசி, எழுந்து உட்காரவும் படுக்கவும் ஒருவர் கைபிடிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு உகந்தது. லோயரில் படுத்திருப்பவர் தலை இடிக்காமல் நிமிர்ந்து உட்காரலாம். மூன்றடுக்கில் நடு பெர்த்தைத் தூக்கி மாட்டிவிட்டால் லோயரில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் கழுத்தைச் சாய்க்க வேண்டும்.

பெர்த் எண்ணை வைத்தே இடத்தைச் சொல்லிவிடலாம். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் எண்ணை எட்டால் வகுங்கள். மீதி 1 அல்லது 4 வந்தால் லோயர். 2, 5 மிடில். 3, 6 அப்பர். 7 சைடு லோயர். மீதியே வராவிட்டால் சைடு அப்பர். இரண்டடுக்கில் ஆறால் வகுக்க வேண்டும்: 1, 3 லோயர், 2, 4 அப்பர், 5 சைடு லோயர், மீதி இல்லை என்றால் சைடு அப்பர். எகானமியில் மொத்தப் படுக்கை எண்ணிக்கை வேறு என்றாலும் எட்டுக் கணக்கு பெரும்பாலும் ஒத்துவரும்.

எண்ணுக்கு அடுத்தது, பெட்டியின் எந்தப் பகுதி என்பது. எல்எச்பி எனப்படும் புது மாதிரிப் பெட்டிகளில் ஸ்லீப்பருக்கு 80 படுக்கை, மூன்றடுக்கு ஏசிக்கு 72. முதல் எட்டும் கடைசி எட்டும் கதவையும் கழிவறையையும் ஒட்டியவை. இரவு முழுக்கக் கதவு அடிக்கும், விளக்கு விழும், வாடை வரும். போதாததற்குச் சக்கரங்கள் இருக்கும் போகி இந்த இரு முனைகளுக்கும் நேர் கீழே இருப்பதால் அதிர்வும் அங்கேதான் கூடுதல். எலும்பு முறிந்து கட்டுப் போட்டவர்களுக்கு தண்டவாளம் பிரியும் ஒவ்வொரு பாயிண்டைத் தாண்டும்போதும் அது தெரியும். ஸ்லீப்பரில் 33 முதல் 48 வரை, மூன்றடுக்கு ஏசியில் 25 முதல் 48 வரை கிடைத்தால் பெட்டியின் வயிற்றுப் பகுதியில் இருக்கிறீர்கள். அங்கே ஆட்டம் குறைவு.

எல்எச்பி பெட்டி வந்த பிறகு வேகத்தில் பக்கவாட்டு ஆட்டம் வெகுவாகக் குறைந்தது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப் 2018-ல் பழைய மாதிரியைக் கட்டுவதையே நிறுத்திவிட்டது. புதுப் பெட்டியின் ஒரே குறை, வண்டி கிளம்பும்போதும் நிற்கும்போதும் வரும் வெடுக்கென்ற இழுப்பு. பெட்டிகளைக் கோக்கும் கப்ளர் மாறியதால் வந்த வினை அது. வண்டி ஸ்டேஷனை விட்டு நகரும்போது சூடான டீயைக் கையில் வைத்திருக்காதீர்கள். நோயாளியை நடத்திக் கூட்டிப் போவதாக இருந்தால் வண்டி நகர்ந்து ஒரு நிமிடம் ஆன பிறகு கிளப்புங்கள். தண்டவாளங்களை நீளநீளமாகப் பற்றவைத்துவிட்டதால் பழைய தடக் தடக் சத்தமும் இப்போது மெயின் லைனில் அதிகம் கேட்பதில்லை. அதைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது இழப்புதான். தூக்கம் கெடும் நோயாளிக்கு லாபம்.

முன்பதிவில் நடக்கும் தவறுகள்தான் பாதிப் பயணத்தைக் கெடுக்கின்றன. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. மருத்துவமனையில் அடுத்த தேதி எப்போது என்று தெரியாதவர்களுக்கு இது ஒரு வகையில் நல்லதுதான். நான்கு மாதம் முன்பே இடம் தீர்ந்துபோகும் தொல்லை குறைந்தது. தட்கல் முந்தின நாள் காலை ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. ஆன்லைனில் எடுக்க ஆதாரோடு இணைத்த கணக்கு வேண்டும். முதல் நாளே இணைத்து வையுங்கள், பத்து மணிக்கு ஓடிபி வரவில்லை என்று தவிக்காதீர்கள்.

காட்பாடியிலிருந்து டிக்கெட் தேடினால் வெயிட்டிங் லிஸ்டில் சில நேரம் பூல்டு கோட்டா (பிக்யூடபிள்யூஎல்), அதாவது நடுவழி ஸ்டேஷன்கள் பலவற்றுக்கும் பொதுவான சிறு ஒதுக்கீடு என்று காட்டும். அது மெதுவாகத்தான் நகரும். அதே வண்டி பெங்களூரில் கிளம்புவதாக இருந்தால், பெங்களூரிலிருந்து ஹவுராவுக்குத் தேடிப் பாருங்கள். ஜெனரல் கோட்டாவில் இடம் இருக்கலாம். அதை எடுத்து, ஏறும் இடம் காட்பாடி என்று புக் செய்யும்போதே குறித்துவிடலாம். காட்பாடிக்கு முந்தைய 230 கிலோமீட்டருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். தூரம் கூடக்கூட ரயில் கட்டணம் கிலோமீட்டருக்குக் குறைந்துகொண்டே வருவதால் அந்தக் கூடுதல் பெரிதாக உறுத்தாது. ஏறும் இடத்தைக் குறிக்க மறந்தால் மட்டும் ஆபத்து: பெங்களூரில் ஆள் வரவில்லை என்று படுக்கை வேறொருவருக்குப் போய்விடலாம்.

லோயர் பெர்த் விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் இடம் இருந்தால் கம்ப்யூட்டரே லோயரை ஒதுக்கும். தனியாகவோ, அப்படிப்பட்ட இருவராகவோ ஒரே டிக்கெட்டில் போனால்தான் அந்தக் கணக்கு. 70 வயது அப்பாவோடு 30 வயது மகனையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்தச் சலுகைக் கோட்டாவைப் பார்க்காது. அப்படி எடுக்கும்போது, லோயர் கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்ற கட்டத்தை டிக் செய்துவிடுங்கள். அதையும் மறந்து அப்பர் விழுந்தால் டிக்கெட் பரிசோதகரான டிடிஇயைக் கேட்கலாம். எதிர்ப் பெர்த்துக்காரர் மனமிரங்கினால் சரி. பெரும்பாலும் இரங்குவார்கள். காட்பாடியில் ஏறுகிறவர் நோயாளி என்று சொல்லத் தேவையே இருக்காது, அந்தப் பெரிய கவரைப் பார்த்தாலே எழுந்துவிடுவார்கள்.

புற்றுநோய் சிகிச்சைக்காகப் போய்வருபவர்களுக்குச் சலுகை இருக்கிறது. கேட்காமல் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுக் கட்டணமும் விலக்கு, உடன் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் குறைவு. இரண்டடுக்கு ஏசியில் இருவருக்கும் பாதி. மருத்துவமனை கொடுக்கும் உரிய படிவச் சான்றிதழோடு ரிசர்வேஷன் கவுன்ட்டருக்குப் போக வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் பில், மருந்து, ஆம்புலன்ஸ் என்று அலையும்போது இந்தப் படிவம் கடைசியில் விட்டுப்போகும்; இரண்டு நாள் முன்பே கேட்டு வாங்கி வையுங்கள். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, இன்னும் திரும்பி வரவில்லை. அதைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

வேலூரிலிருந்து காட்பாடிக்கு ஏழெட்டு கிலோமீட்டர்தான். அதை நம்பிக் கோட்டைவிடுகிறவர்கள் உண்டு. கிரீன் சர்க்கிளும் பாலாற்றுப் பாலமும் விருதம்பட்டும் சித்தூர் பஸ் ஸ்டாண்டும் மாலை நேரத்தில் சேர்ந்து அரை மணியை விழுங்கிவிடும். வண்டி நேரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்பே அறையை விட்டுக் கிளம்புங்கள். பாகாயத்திலிருந்து வரும் டவுன் பஸ்கள் ஸ்டேஷன் பக்கம் வரும். பெட்டியோடும் நோயாளியோடும் ஆட்டோ மேல். விழுப்புரம் தடத்தில் ஓடும் கரக்பூர், புருலியா வண்டிகள் வாரத்தில் ஓரிரு நாள்தான் என்றாலும் அவை வேலூர் கன்டோன்மென்ட்டில் நிற்கும். ஊருக்குள்ளேயே இருக்கும் ஸ்டேஷன், நெரிசல் குறைவு. தேதி ஒத்துவந்தால் காட்பாடியை விட அதையே தேர்ந்தெடுக்கலாம்.

காட்பாடியில் பல வண்டிகள் இரண்டு முதல் ஐந்து நிமிடம்தான் நிற்கும். பிளாட்பாரத்தில் பெட்டி எண் காட்டும் போர்டு வண்டி நெருங்கும்போதுதான் எரியும். அது மாறிப் போனால் பதினைந்து பெட்டி ஓட வேண்டிவரும். சக்கர நாற்காலி இருந்தால் அந்த ஓட்டத்தை வைத்துக்கொள்ளாமல், வந்த கதவில் நோயாளியை ஏற்றிவிட்டு உள்ளே நடந்து போங்கள். பெட்டிகள் உள்ளுக்குள் இணைந்தவை. இன்ஜினுக்குப் பின்னாலும் கடைசியிலும் இருக்கும் பொதுப் பெட்டியில் மட்டும் ஏறிவிடாதீர்கள், சில வண்டிகளில் அங்கிருந்து உள்வழி பூட்டியிருக்கும்.

சாப்பாடு. இதற்குத்தான் வட ஆற்காட்டுக்காரர்கள் பெட்டி நிறைய யோசிக்கிறார்கள், யோசிக்கவும் வேண்டும். ஆம்பூர் பிரியாணியைக் கட்டிக்கொண்டு ஏறலாம், ஏறின முதல் வேளையிலேயே முடித்துவிடுங்கள். கறியும் எண்ணெயும் சேர்ந்த சோறு ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. இரவு எடுத்து வைத்துக் காலையில் சாப்பிட்டவர்கள் மறுநாள் முழுக்கக் கழிவறை வாசலில் நிற்பார்கள். இட்லிதான் ராஜா. இரண்டு பேருக்கு இரவும் காலையும் சேர்த்து 16 இட்லி. வெந்ததும் கட்டாமல் முழுக்க ஆறவிட்டு, இரு புறமும் நல்லெண்ணெயும் மிளகாய்ப் பொடியும் தடவி, வாட்டிய வாழை இலையில் அடுக்கிக் கட்டினால் மறுநாள் காலை வரை கெடாது. சூட்டோடு கட்டினால் வியர்த்து, விடிவதற்குள் பிசுபிசுக்கும். தேங்காய்ச் சட்னி கூடவே கூடாது.

மறுநாள் பகலுக்குப் புளிசாதம். இருவருக்கு ஒரு வேளைக்கு ஒன்றரை ஆழாக்கு அரிசி போதும். சோற்றை உதிரியாக வடித்து, தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டுப் புளிக்காய்ச்சலைக் கலக்க வேண்டும். வெங்காயம் சேர்த்தால் ஆயுள் பாதி. தயிர்சாதம் கட்டுகிறவர்கள் தயிரைக் குறைத்துப் பாலைக் கூட்டுங்கள்: குழைந்த சோற்றில் வெதுவெதுப்பான பால் ஒரு டம்ளர், தயிர் ஒரு ஸ்பூன். ரயிலில் பிரிக்கும்போது புளிக்காத தயிர்சாதமாக இருக்கும். ஆற்காடு மக்கன் பேடா வாங்கிப் போகிறவர்கள் டப்பாவை நிமிர்த்தி வையுங்கள். பாகு கசிந்து டிஸ்சார்ஜ் சம்மரியில் ஊறினால் அடுத்த டாக்டரிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

ரயிலின் சமையல் பெட்டியான பேன்ட்ரியின் சாப்பாடு பசிக்கு உதவும், நாக்குக்கு உதவாது. காரமும் எண்ணெயும் நோயாளிக்கு ஆகாது. வாங்கினால் பில் கேளுங்கள். பில் தராவிட்டால் காசு தர வேண்டியதில்லை என்பது ரயில்வேயின் விதி. ரயில்வேயின் 'ரயில் நீர்' குடிநீர் பாட்டில் ஒரு லிட்டர் 2025 செப்டம்பர் முதல் 14 ரூபாய். இருபது கேட்டால் அச்சிட்ட விலையைக் காட்டுங்கள். விஜயவாடாவுக்கு அப்பால் ஸ்டேஷன்களில் ஏறும் இட்லி நன்றாகத்தான் இருக்கும், சட்னி வேண்டாம். ஒடிசாவுக்குள் நுழைந்ததும் வரும் பொரியும் கொண்டைக்கடலையும் நம்பி வாங்கலாம். எலுமிச்சை பிழிந்து கண்ணெதிரே கலக்குவார்கள்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஏசிப் பெட்டியில் தனி ஏற்பாடு தேவைப்படாது. கோடையில் ஸ்லீப்பரில் போவதானால் வாயகன்ற பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு, மருந்தைத் துணியில் சுற்றி, ஐஸ் நேராகப் படாமல் வையுங்கள். உறைந்த இன்சுலின் வீண். பேன்ட்ரி ஆட்களிடம் ஐஸ் கேட்டால் கொடுப்பார்கள், அதை மருந்துக்குப் பக்கத்தில் மட்டும் பயன்படுத்துங்கள், குடிக்க வேண்டாம்.

கழிவறைக்குக் கொடுக்க நான் தயாராக இருக்கும் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. இப்போது எல்லாப் பெட்டியிலும் பயோ டாய்லெட். கீழே தொட்டியில் பாக்டீரியா கழிவைக் கரைக்கிறது. தண்டவாளத்தில் விழுந்த காலத்தை நினைத்தால் இது பெரிய முன்னேற்றம். பிளாஸ்டிக் பாட்டில், நாப்கின், குட்கா பாக்கெட் மூன்றும் அதன் எமன். ஒன்று உள்ளே போனால் குழாய் அடைத்து, அந்தப் பெட்டிக்கே பாதிப் பயணம் நாசம். பெரிய ஜங்ஷன்களில்தான் பெட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவார்கள். விஜயவாடா, விசாகப்பட்டினம் தாண்டியதும் போனால் குழாயில் வேகம் இருக்கும். காலையில் ஐந்தரைக்குள் முடித்துவிட்டால் வரிசை கிடையாது. அடைத்திருந்தாலோ தண்ணீர் இல்லாவிட்டாலோ 139-க்கு அழைக்கலாம், ரயில் மதத் ஆப்பில் பிஎன்ஆர் எண்ணோடு படம் எடுத்துப் போடலாம். படம் போட்ட புகாருக்கு அடுத்த பெரிய ஸ்டேஷனில் ஆள் வருகிறது. வாய்ச்சண்டைக்கு வருவதில்லை. உடம்புக்கு முடியாமல் போனாலும் அதே 139 தான். அடுத்து நிற்கும் ஸ்டேஷனுக்கு டாக்டரை வரச் சொல்லலாம்.

இரவு 10 முதல் காலை 6 வரை தூங்கும் நேரம். அதற்குள்தான் மிடில் பெர்த்தைத் தூக்கி மாட்டலாம் என்பது விதி. நோயாளி பகலில் படுக்க வேண்டுமானால் லோயர் எடுத்திருக்க வேண்டும். பல வண்டிகளில் இரவு 11 முதல் 5 வரை சார்ஜ் பாயிண்டில் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். போனை ஒன்பது மணிக்கே நிரப்பிக்கொள்ளுங்கள். ஏசியில் தரும் பொட்டலத்தில் இரண்டு வெள்ளை விரிப்பும் துண்டும் இருக்கும். விரிப்பு துவைத்து வருகிறது. கம்பளியை மட்டும் நேராக மேலில் படவிடாமல் விரிப்புக்கு மேலே போட்டுக்கொள்ளுங்கள், தையல் ஆறாதவர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஸ்லீப்பரில் ஒன்றும் கிடையாது. இரண்டு பருத்திச் சேலை எடுத்துப் போனால் விரிப்பும் ஆச்சு, போர்வையும் ஆச்சு, ஜன்னல் வெயிலுக்குத் திரையும் ஆச்சு.

இந்தப் பயணத்தின் அழகான பகுதியைப் பார்க்க ஒரு சூட்சுமம் தெரிந்திருக்க வேண்டும். விசாகப்பட்டினம் ஸ்டேஷனுக்குள் போகும் வண்டிகள் வந்த வழியிலேயேதான் திரும்ப வேண்டும். இன்ஜினை முன்னாலிருந்து கழற்றிப் பின்னால் வேறு இன்ஜின் மாட்டுவார்கள். இருபது நிமிடம் நிற்கும். அதன் பிறகு வண்டி எதிர்த் திசையில் ஓடும். முன்னால் இருந்த பெட்டி பின்னால், வலது ஜன்னல் இடது ஜன்னல். சிலிக்கா ஏரி தண்டவாளத்துக்குக் கிழக்கே, பாலுகாவ், ரம்பா பக்கம் கிட்டத்தட்ட ஜல்லியைத் தொடுகிற மாதிரி கிடக்கும். காட்பாடியிலிருந்து ஓடும் திசையில் பார்த்து இடது கைப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் விசாகப்பட்டினத்துக்குப் பிறகு அந்த ஏரி கிடைக்கும். வலது பக்கம் பிடித்தவர் மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். துவ்வாடா வழியே ஸ்டேஷனுக்குள் நுழையாமல் கடக்கும் வண்டிகளில் இந்தத் திருப்பம் கிடையாது. அங்கே ஆரம்பத்திலிருந்தே வலது பக்கம். பகலில் சிலிக்காவைக் கடக்கும் வண்டியைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் அதற்காகவே தேர்ந்தெடுக்கலாம். வலைக்கழிகள் நட்ட ஆழமில்லாத தண்ணீர், நடுவில் மீன்பிடிப் படகு, அதற்குப் பின்னால் கரையே தெரியாத வெளிர் நீலம். பல வாரம் மருத்துவமனைச் சுவரையே பார்த்துக் கிடந்த கண்ணுக்கு அந்த அரை மணி நேரம் மருந்து.

ராஜமுந்திரியில் கோதாவரியைக் கடக்க மூன்று நான்கு நிமிடம் ஆகும். பெரும்பாலான வண்டிகள் செல்லும் வில் வளைவுப் பாலம் 2.7 கிலோமீட்டர் நீளம். பெட்டியில் இருப்பவர்கள் நாணயம் எறிந்து கும்பிடுவார்கள். பாலத்துக்கு வருவதற்கு முன்பே கதவருகே கூட்டம் சேரும். குழந்தைகளை அங்கே விடாதீர்கள்.

தாமதம் இந்தத் தடத்தின் நிரந்தர நோய், அது காட்பாடியிலேயே தொடங்குகிறது. காட்பாடி முதல் திருப்பதி வரை 104 கிலோமீட்டர் ஒற்றை வழிப்பாதை. எதிரே ஒரு வண்டி வந்தால் ஒன்று ஏதாவது சின்ன ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்க வேண்டும். காட்பாடிக்கே தாமதமாக வந்த வண்டி, தன் முறையை இழந்து, நேரத்துக்கு வரும் வண்டிக்கெல்லாம் வழிவிட்டு இன்னும் தாமதமாகும். ஆளில்லாத ஸ்டேஷனில் அரை மணி நேரம் சும்மா நிற்கிறதே என்று திட்டுகிறவர்களுக்குக் காரணம் இதுதான். இந்தப் பகுதியை இரட்டைப் பாதையாக்க 1,332 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 ஏப்ரலில் ஒப்புதல் கொடுத்தது. இவ்வளவு நோயாளிகள் போய்வரும் தடத்துக்கு இது எப்போதோ வந்திருக்க வேண்டியது. அது முடியும்வரை, ஹவுராவில் இறங்கி அடுத்த வண்டியைப் பிடிக்கிறவர்கள் நடுவில் நான்கு மணி நேரமாவது விட்டு டிக்கெட் எடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் சின்னம் உருவானால் ஆந்திர, ஒடிசாக் கடலோரத்தில் வண்டிகளை நிறுத்துவார்கள் அல்லது திருப்பிவிடுவார்கள். ரத்தானால் முழுப் பணமும் வரும். நீங்கள் ஏறும் ஸ்டேஷனில் வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றாலும் பயணத்தைக் கைவிட்டு முழுப் பணம் கேட்கலாம். ஆன்லைன் டிக்கெட்டுக்கு வண்டி கிளம்புவதற்கு முன், பணத்தைத் திரும்பக் கேட்கும் மனுவான டிடிஆர் போட வேண்டும். கிளம்பிய பிறகு போட்டால் வாதாடிக்கொண்டிருக்க வேண்டும்.

வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோடு ஸ்லீப்பரிலோ ஏசியிலோ ஏறலாம் என்ற பழைய பழக்கத்தை விடுங்கள். 2025 மே முதல் கெடுபிடி. ஆன்லைனில் எடுத்தது சார்ட் போட்டதும் தானாக ரத்தாகிவிடும், கவுன்ட்டர் டிக்கெட்டோடு ஏறினால் இறக்கிவிடுவார்கள். ஆர்ஏசி, அதாவது உட்கார இடம் மட்டும் உறுதியான டிக்கெட் என்றால் ஏறலாம். சைடு லோயரில் இருவர் உட்கார்ந்து போக வேண்டும். முப்பது மணி நேரம் அப்படி உட்கார ஆரோக்கியமானவர்களால் முடியும், நோயாளியால் முடியாது. நோயாளிக்கு ஆர்ஏசி வந்தால் தேதியை மாற்றுவதுதான் நல்லது.

வகுப்பு வாரியாகக் கேட்டால், குளிர்காலத்து ஸ்லீப்பருக்கு ஐந்துக்கு மூன்றரை, கோடையில் ஒன்றரை. மூன்றடுக்கு ஏசிக்கு நான்கு. இரண்டடுக்குக்கு நாலரை கொடுக்கலாம், கட்டணம் தாங்கினால். எகானமிக்கு மூன்று.

ஹவுராவில் தென்கிழக்கு ரயில்வே வண்டிகள் புதுக் கட்டடத்தின் பக்கம், 17-ஆம் எண்ணுக்கு மேற்பட்ட பிளாட்பாரங்களில் வந்து நிற்கும். அழைக்க வருபவர்களிடம் பழைய கட்டடத்தில் நிற்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இரண்டுக்கும் நடுவில் நோயாளியை நடத்துவது கொடுமை. சில வண்டிகள் ஹவுராவுக்கு வராமல் ஷாலிமாரிலோ சாந்த்ராகாச்சியிலோ முடியும். டிக்கெட்டில் எழுதியிருப்பதை ஒரு முறை படித்துவிடுங்கள்.

திரும்பி வரும்போது காட்பாடி நடுராத்திரியிலோ விடியற்காலையிலோ வரலாம். 139-ல் டெஸ்டினேஷன் அலர்ட் போட்டு வைத்தால் போனில் எழுப்புவார்கள், இருந்தாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். சித்தூர் தாண்டிவிட்டால் காட்பாடிக்குச் சுமார் 35 கிலோமீட்டர். எழுந்து பெட்டியைக் கீழே இறக்கி, ஸ்கேன் கவரை எடுத்து வைத்துக்கொள்ளும் நேரம் அது. கவர் பெரும்பாலும் அப்பர் பெர்த் ஓரத்தில்தான் மறந்து கிடக்கும்.